சுயதொழில் பாடம்: விற்கப் போகுமுன் மற்றவர் கடையையும் பார்ப்போம்



நம் தோட்டங்களில் இன்று தையல், கேக், முறுக்கு, பூமாலை, பூங்கன்று, கோழிக்குஞ்சு என்று லயத்துக்கு ஒருவராவது ஏதோவொரு சுயதொழில் செய்கிறார்கள். கைத்தொலைபேசி வந்த பிறகு, டவுனில் கடை எடுக்க வசதி இல்லாதவரும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சாமானைக் காட்டி விற்கலாம் என்ற நிலை இருக்கிறது. இது நல்ல விசயந்தான். ஆனால் வீடு வீடாகப் போகிற என் கண்ணில் இன்னொன்றும் படுகிறது. இஸ்தோப்பு மூலையில் பழைய சாரியால் மூடி வைத்த தையல் மெசின். கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோனில் வாங்கியது. மெசின் நின்றுவிட்டது, லோன் மட்டும் ஓடுகிறது. ஏன் தங்கச்சி என்று கேட்டால், "பேஸ்புக்ல எல்லாம் போட்டேங்க ஐயா, லைக்தான் வருது, ஓடர் வரல்லை" என்கிறார்கள்.

லைக்கைக் கொண்டுபோய் லோன் கட்ட முடியாது அல்லவா?

இப்படி நின்றுபோன தொழில்களைப் பார்த்தால், பெரும்பாலும் வேலை தெரியாமல் நின்றவை இல்லை. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள், நல்ல கேக் போடத் தெரிந்தவர்கள்தான். அதே சாமானை வேறு யார் விற்கிறார், என்ன விலைக்கு விற்கிறார், வாங்குகிறவர் ஏன் அவரிடம் போகிறார் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காததால் வந்த வினை இது. இதைத்தான் வியாபாரப் பாடத்தில் 'போட்டியாளர் ஆய்வு' என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலைக்கு ஒரு சீ.ஆர். கொப்பியும் ஒரு பேனையும் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

லிப்டன் செய்த வேலை

அப்புத்தளைப் பக்கத்து மக்களுக்கு லிப்டன் சீட்டைத் தெரியும். அந்தத் தோமஸ் லிப்டன் துரை தேயிலை படித்து வந்தவர் அல்லர். ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1871ல் முதற்கடை போட்ட பலசரக்குக் கடைக்காரர். முட்டை, வெண்ணெய், பன்றி இறைச்சி விற்றவர். பிறகு ஊர் ஊராகக் கடைகள் போட்டார். தேயிலை விற்கலாம் என்று நினைத்தபோது, மற்றவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தார்.

மற்றக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியில் திறந்தபடி கிடந்தது. கேட்பவருக்கு அள்ளி நிறுத்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு வாங்கிய ருசி நாளைக்கு இராது. விலையும் இறாத்தல் மூன்று ஷில்லிங் அளவில் இருந்தது. கூலிக்காரக் குடும்பம் வாங்குகிற விலை இல்லை அது. லிப்டன் ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பொட்டலம் கட்டி, பெயர் அச்சடித்து, இறாத்தல் ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸ் விலைக்குக் கொடுத்தார். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆகவே ஏறக்குறைய பாதி விலை. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதால், அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தூளைக் கலந்து விற்றார். 1890ல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கியதும் இதே கணக்கில்தான். இடையில் நிற்கிற வியாபாரிகளைத் தவிர்த்தால்தான் அந்த விலை கட்டும்.

பொட்டலம் கட்டுவது அவர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஜோன் ஹோர்னிமன் என்பவர் 1826லேயே தேயிலையைப் பொட்டலத்தில் விற்றிருக்கிறார். மற்றவரிடம் உள்ள நல்லதை லிப்டன் எடுத்துக்கொண்டார், மற்றவர் செய்யாததைச் சேர்த்தார். அவர் விளம்பரப் படங்களில் கொழுந்துக் கூடையோடு நம் பாட்டிமார் நின்றார்கள். அந்த லாபத்தில் அவர்களுக்கு என்ன வந்தது என்பது வேறு கதை. அதை இன்னொரு இதழில்தான் எழுத வேண்டும். வியாபாரப் புத்தியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

யார் நமக்குப் போட்டி?

ஒரு தங்கச்சி சாரி ஜாக்கெட் தைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் போட்டி யார் என்று கேட்டால், கீழ் லயத்தில் தைக்கிற இன்னொரு அக்காவைக் காட்டுவாள். அத்தோடு நிறுத்திவிட்டால் ஆய்வு முடியாது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980ல் போட்டியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்றுவரை வியாபாரம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர் சொன்னதன் சாரம், போட்டி அதே தொழில்காரரிடமிருந்து மட்டும் வருவதில்லை என்பது. நம் சாமானுக்குப் பதிலாக வாங்கக்கூடிய வேறு சாமான், நாளைக்குப் புதிதாகத் தொழிலுக்கு வரக்கூடியவர், நமக்குத் துணியும் நூலும் தருகிற கடைக்காரர், விலை பேசுகிற வாடிக்கையாளர் எல்லோரும் நம் லாபத்தைப் பிடித்து இழுக்கிறார்கள்.

ஆகவே ஜாக்கெட் தைக்கிற தங்கச்சிக்கு டவுன் தையல் கடை ஒரு போட்டி. இழுபடுகிற துணியில் வரும் ரெடிமேட் ஜாக்கெட் இன்னொரு போட்டி. கொழும்பிலிருந்து பேஸ்புக்கில் ஓடர் எடுத்துப் பார்சல் அனுப்புகிற பக்கம் மூன்றாவது. சாரியே வேண்டாம், சல்வார் போதும் என்று முடிவெடுக்கிற பெண்பிள்ளைகளும் ஒரு வகையில் போட்டிதான்! கேக் போடுகிறவருக்கு டவுன் பேக்கரி, முறுக்கு சுடுகிறவருக்குக் கடையில் தொங்குகிற பிஸ்கட் பைக்கட். இப்படி உங்கள் தொழிலுக்கு நீங்களே யோசித்து ஐந்து பெயரைக் கொப்பியில் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம், எழுதிக் களைத்துவிடுவீர்கள்.

எங்கே பார்ப்பது?

பாதி வேலை போனிலேயே முடியும். கூகுளில் "சாரி ஜாக்கெட் தையல் ஹட்டன்" என்று உங்கள் டவுன் பெயரோடு தமிழில் தேடுங்கள். பிறகு அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை செய்து தரும். மூன்று மொழிக்கும் மூன்று விதமாகக் கடைகள் வரும். தமிழில் தேடும்போது ஒன்றுமே சரியாக வராவிட்டால் மனம் தளர வேண்டாம். அந்த இடத்தில் இன்னும் ஒருவரும் கடை போடவில்லை என்று அர்த்தம்.

கூகுள் மெப்பில் டவுன் கடைகளைத் தொட்டால், வாடிக்கையாளர் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதியிருப்பார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவர் கடைக்காரரின் சொந்தக்காரராகவும் இருக்கலாம், ஒன்று போட்டவர் கோபத்தில் எழுதியிருக்கலாம். மூன்று நட்சத்திரம் போட்டவர் எழுதியதை ஆறுதலாகப் படியுங்கள். நல்லதையும் குறையையும் சேர்த்துச் சொல்கிறவர் அவர்தான்.

பேஸ்புக்கில் ஒரு வியாபாரப் பக்கத்துக்குள் போனால், பக்க வெளிப்படைத்தன்மை என்ற பகுதியில் அந்தப் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, பெயர் மாற்றியிருக்கிறார்களா என்று தெரியும். ஐந்து வருடமாக நடக்கிற பக்கத்தையும் போன மாதம் தொடங்கிய பக்கத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இன்னொன்று, "பேஸ்புக் அட் லைப்ரரி" என்று கூகுளில் தேடுங்கள். விளம்பர நூலகம் என்று அர்த்தம். நாட்டை இலங்கை என்று வைத்து ஒரு பக்கத்தின் பெயரைப் போட்டால், அவர்கள் இப்போது காசு கொடுத்துப் போடுகிற விளம்பரங்கள் எல்லாம் வரும், தொடங்கிய திகதியோடு. இதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு விளம்பரம் மூன்று நான்கு மாதமாக ஓடுகிறது என்றால் அதில் ஏதோ வருமானம் இருப்பதால்தான் காசு கொட்டுகிறார்கள் என்று ஊகிக்கலாம். இக்மன் போன்ற விற்பனைத் தளங்களிலும் விலையைப் பாருங்கள். பழைய தையல் மெசின் என்ன விலை போகிறது என்றும் அங்கேயே பார்க்கலாம். புது மெசினுக்கு லோன் போடுமுன் பார்க்க வேண்டிய விசயம் அது.

மற்றப் பாதி வேலைக்குக் கால் நடை வேண்டும். டவுனுக்குப் போகும்போது கடையில் விலை கேளுங்கள், எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேளுங்கள். சாதாரண வாடிக்கையாளர் கேட்கிற கேள்வியைக் கேட்பதில் தப்பில்லை. பொய் ஓடர் கொடுத்து அவரை அலைய வைப்பது தப்பு.

என்ன எழுதுவது?

விலை எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு விலையை வெளியில் போட்டிருக்கிறார்களா, அல்லது "விலை இன்பொக்ஸ்" என்று சொல்லி மறைக்கிறார்களா என்றும் எழுதுங்கள். பார்சல் செலவு தனியா, சேர்த்தா? முற்பணம் கேட்கிறார்களா? கேள்வி கேட்டவருக்கு எத்தனை மணித்தியாலத்தில் பதில் வந்தது? தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் வந்ததா? படம் எப்படி? ஹேங்கரில் தொங்குகிறதா, உடுத்திக் காட்டியிருக்கிறதா, கைவேலை தெரியும்படி கிட்டே எடுத்திருக்கிறதா?

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது முறைப்பாடுகள். கொமண்ட் பகுதியில் "தீபாவளிக்குக் கேட்டேன், பிறகுதான் வந்தது", "அளவு சரியில்லை, திருப்பி அனுப்பச் செலவு அதிகம்", "மெசேஜ் பார்த்தும் பதில் இல்லை" என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் அப்படியே கொப்பியில் இறக்குங்கள். எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்குப் பிடிக்கிற மாதிரி. கோடு கூடின குறைதான் உங்களுக்குத் திறந்திருக்கிற கதவு.

உதாரணத்துக்கு, அளவு பிழைக்கிறது என்ற குறையை எடுப்போம். கொழும்புப் பக்கம் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், அளவெடுக்க லயத்துக்கு வர முடியாது. தங்கச்சி வருவாள். பிடிக்காவிட்டால் அடுத்த நாள் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் என்று அவளுக்குத் தெரியும். தீபாவளி முற்பணம் எப்போது கைக்கு வரும், எந்தக் கோயிலில் எப்போது திருவிழா, எந்த வீட்டில் பெண்பிள்ளைக்குச் சடங்கு என்றெல்லாம் கொழும்புக்காரருக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்கள். அவர்களுடைய பழைய ஜாக்கெட் அம்மாவிடம் இருக்கும். அளவு அதில் இருக்கிறது. துணி படத்தை வட்ஸ்அப்பில் காட்டி, வந்து இறங்கும்போது தைத்து வைத்திருந்தால், அந்த ஓடரை எந்தக் கடையும் பிடிக்க முடியாது. இதையெல்லாம் பலமென்றே நம் ஆட்கள் நினைப்பதில்லை. "நமக்கு என்னங்க இருக்கு" என்பார்கள்.

விலையைக் குறைத்தால் போதுமா?

போட்டியாளர் விலையைப் பார்த்தவுடன் நம்மவர் செய்கிற முதல் காரியம், அதற்குக் கீழே இருநூறு முந்நூறு குறைத்துப் போடுவது. இதில்தான் எனக்குப் பயம். ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குச் சொல்லித் தருவதற்கு மட்டும், உங்கள் டவுனில் விலை வேறாக இருக்கும்.

லைனிங் துணி 450 ரூபா, நூலும் ஊக்கும் 100, கரண்டும் மெசின் எண்ணெயும் 50, டேட்டா, பஸ் செலவு 100. மொத்தம் 700 ரூபா. ஜாக்கெட்டை 1,500 ரூபாவுக்குக் கொடுத்தால் 800 மிஞ்சும். நான்கு மணித்தியால வேலை என்றால் மணித்தியாலத்துக்கு 200 ரூபா. கீழ் லயத்து அக்காவை வெல்ல வேண்டும் என்று 1,200 ரூபாவுக்கு இறக்கினால் 500தான் மிஞ்சும். மணித்தியாலத்துக்கு 125. முன்பு ஐந்து ஜாக்கெட்டில் கிடைத்த 4,000 ரூபாவுக்கு இப்போது எட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும். மூன்று ஜாக்கெட் கூடுதல், பன்னிரண்டு மணித்தியாலம் கூடுதல். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் எங்கிருந்து அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தை எடுப்பது? அந்த அக்காவும் தன் விலையை 1,100க்கு இறக்குவார். கடைசியில் இரண்டு மெசினும் மூடப்படும். இரண்டு லோனும் இருக்கும்.

லிப்டன் பாதி விலைக்கு விற்றாரே என்று கேட்பீர்கள். அவரிடம் நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தன, தோட்டமே சொந்தமாக இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு மெசினும் இரண்டு கையும். கீழ் லயத்து அக்காவிடம் போய்ப் பேசிப் பாருங்கள். நீங்கள் ஜாக்கெட், நான் பள்ளி யூனிபோம் என்று பிரித்துக்கொள்ளலாம். லைனிங் துணியைச் சேர்ந்து ரோலாக வாங்கினால் இருவருக்கும் மீட்டர் விலை இறங்கும். நான் பார்த்த அளவில், இப்படிப் பேசி முடித்த வீடுகளில் சண்டையும் குறைவு.

போனில் போடும்போது

கொப்பியைப் பார்த்த பிறகுதான் பக்கத்தைத் திருத்த வேண்டும். மற்றவர்கள் விலையை மறைக்கிறார்களா? நீங்கள் வெளியில் போடுங்கள். மற்றவர்கள் நாள் தவறுகிறார்களா? தருகிற திகதியை எழுதிப் போடுங்கள், எழுதிய பிறகு காப்பாற்றுங்கள். தீபாவளிக்கு எத்தனை ஜாக்கெட் முடியுமோ அத்தனையோடு ஓடரை மூடிவிடுங்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி 2018ல் வந்தது, இலவசம். அதில் சாமானின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் போகும்படியும் வைக்கலாம். ஆனால் போனில் டேட்டா தொடர்பு இருந்தால்தான் அந்தப் பதில் போகும். சிக்னல் இல்லாத மலைக்குப் போனைக் கொண்டுபோனால் அது வேலை செய்யாது. அதனால் "பகலில் மலையில் வேலை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பதில் தருவேன்" என்று உங்கள் விபரப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் கோபிக்க மாட்டார். பதில் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கோபத்தைக் கிளப்பும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற புரோட்காஸ்ட் பட்டியலில், உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஜாக்கெட்டைக் கொடுக்கும்போதே "அக்கா, என்ட நம்பரைப் பதிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

அடுத்தவர் படத்தை எடுத்து உங்கள் வேலை என்று போடாதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்தவர், கையில் வருவதைப் பார்த்து என்ன நினைப்பார்? நீங்கள் தைத்ததை வெயில் படுகிற வாசலில் வைத்து எடுத்தாலே போதும். ஒரு பெண்பிள்ளை உடுத்திய படத்தைப் போட வேண்டுமானால், அவளிடமும் வீட்டாரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். இந்த விசயத்தில் தோட்டத்தில் வந்த மனவருத்தங்களைத் தீர்க்க நானே போயிருக்கிறேன்.

காசு கொடுத்து பூஸ்ட் பண்ணலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், முதல் இருபது ஓடர் வாய்ச்சொல்லில் வரும்வரை வேண்டாம். பிறகு செய்தாலும், உங்கள் டவுனைச் சுற்றிய சில கிலோமீற்றருக்கு மட்டும் தெரியும்படி இடத்தை வைத்துச் சிறு தொகையில் செய்து பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற லைக்குக்கு அளவெடுக்க உங்களால் போக முடியாது.

தின்பண்டம் செய்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். கடைப் பைக்கட்டின் லேபலைத் திருப்பிப் படியுங்கள். பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்கும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் இதற்கு விதிகள் உண்டு. உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். தொழில் கொஞ்சம் நிலைத்த பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிவு செய்துகொள்ளலாம். வங்கியில் கணக்குத் திறக்கப் போகும்போது அந்தப் பத்திரம் கேட்பார்கள்.

கொப்பியை ஒருமுறை எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. தீபாவளிக்கு ஒன்றரை மாதத்துக்கு முன், தைப்பொங்கலுக்கு முன், பள்ளித் தவணை தொடங்குமுன் அந்த ஐந்து பேரையும் திரும்பப் பாருங்கள். யார் புதிதாக வந்தார், யார் நிறுத்தினார், விலை எங்கே நிற்கிறது என்று பழைய பக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத்து வராதவர்கள் கூச்சப்பட வேண்டாம், பிள்ளையை எழுதச் சொல்லி நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

மெசின் வாங்க லோன் போட நினைத்திருப்பவர்கள், கையெழுத்து வைப்பதற்கு முன் அந்தக் கொப்பியோடு என்னிடம் வாருங்கள். தையல்காரர்கள் ஒரு பக்கம், தின்பண்டக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிள்ளைமடுவத்தில் உட்கார்ந்து ஒரு பின்னேரம் கணக்குப் பார்ப்போம். போனையும் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள்.